எந்தக் கால்?

கிண்ணியா
15.06.2025

அன்பின் ராத்தாவுக்கும், ராத்தாவுக்கு முதல் இந்தக் கடிதத்தைப் பிரித்து வாசிக்கும் விடுதி ஆசிரியையான முஅல்லிமா அவர்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா சுகம், வாப்பா சுகம், பூனை சுகம். நான் வழமை போல அளவுக்கு மீறிய சுகம்.

பொது அறிவித்தல். கிண்ணியா வாழ் மக்களுக்கும் உலக உதைபந்தாட்ட ரசிகர்களுக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: நேற்று சனிக்கிழமை பின்னேரம் ஐந்து பத்துக்கு, ஓய்வுபெற்ற கடற்படை வீரர் பாயிஸ் அவர்கள், அதாவது எங்கட வாப்பா, கடற்கரையில் ஒரு பெனால்டி அடித்தார். கோல் காத்த சஜீத் மின்கம்பம் மாதிரி நின்றான். பந்து கோலுக்குள். இந்த நிகழ்வை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, மேளச் சத்தம் சேர்த்து, 'கடற்படைக் கால்' என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றியவர் உங்கள் தம்பி. இன்று காலை வரை பதினெட்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

போன் வைத்திருக்க விடாத அரபுக் கல்லூரியில் ஓதுகிறபடியால் உங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே எழுத்தில் காட்டுகிறேன்: மடித்துக் கட்டிய நீலச் சாரன், முதுகில் இலக்கம் போட்ட வாப்பாவின் பழைய கடற்படை ரீசேட், தொப்பி, பின்பக்கத் தோற்றம். மூன்று கிழமையாக அந்த இடுப்புக்கு எண்ணெய் பூசித் தேய்த்தது யார்? அடியேன்தான்.

அடுத்த மாதம் எட்டாம் திகதி வாப்பாவுக்குக் கடற்படை வைத்தியர்களின் மெடிக்கல் போர்ட். போர்ட்டுக்குள்ளே, அதாவது திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளே, இருக்கப்போகிறது போர்ட். கப்பல் ஏணியில் இருந்து விழுந்த அன்று தொடங்கிய வருத்தம், இப்போது வலது இடுப்பு மூட்டில் பந்தும் தேய்ந்து, பந்து இருக்கிற கிண்ணமும் தேய்ந்துவிட்டதாம். கிண்ணியாக்காரனுக்கே கிண்ணம் இல்லையென்றால் எப்படி? போன முறை இருபது வீதம் இயலாமை என்று எழுதினார்கள். இந்த முறை ஐம்பதுக்கு மேலே எழுதினால் புது மூட்டு அவர்களே போட்டுத் தருவார்கள். எழுதாவிட்டால் வாப்பா இப்படியே சுவரையும் கதவையும் பிடித்துப் பிடித்து நடக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை விடுதியில் தருகிற ஐந்து நிமிசப் போனில் பெனால்டிக் கதையை எடுக்க வேண்டாம். வாப்பா வெட்கப்படுவார்.

நன்றாகச் சாப்பிடுங்கள். முஅல்லிமாவும் நன்றாகச் சாப்பிடட்டும். வஸ்ஸலாம்.

தம்பி நிப்றாஸ்


விடுதி
27.06.2025

அன்புத் தம்பிக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். எனக்கு வந்த காய்ச்சல் மாறிவிட்டது, உம்மாவிடம் சொல்லு. உன் கடிதத்தை வாசித்து முஅல்லிமா சிரித்தாவாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வெளிக்கிட்ட அன்று வாப்பா பஸ்ஸுக்கு வந்தது நினைவிருக்கிறதா? பையை என்னைத் தூக்கவிடவில்லை. ஆனால் பஸ் படியில் ஏற ஏலாமல், வெளியில் நின்றபடி ஜன்னலுக்குள்ளால் நீட்டினார். நெற்றி முழுக்க வேர்வை. அந்த மனிதர் அதற்குப் பிறகு ஐந்தே நாளில் பெனால்டி அடித்தாரா? வலது காலால் அடித்தால் அந்த இடுப்பை வீசியிருக்க வேணும். இடது காலால் அடித்தால் முழுப் பாரத்தையும் வலது காலில் நிறுத்தியிருக்க வேணும். இரண்டும் வாப்பாவால் ஏலாது. எந்தக் காலால் அடித்தவர் என்று எழுது.

இன்னொன்று. போன போர்ட்டுக்கு வாப்பா காற்சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டு, சப்பாத்து மினுக்கி, பரேட்டுக்குப் போவது மாதிரிப் போனவர். பெயரைக் கூப்பிட்டதும் விறைப்பாக நின்று, கேட்டதுக்கெல்லாம் "நல்லம் சேர்" என்றிருக்கிறார். இருபது வருசம் அதிகாரிகளுக்கு முன்னால் வேறு பதில் சொல்லிப் பழகாதவர். நீ கூடப் போ. நோவை நோ என்று சொல்லச் சொல்லு. தொழும்போது பள்ளிவாசலில் கதிரையில்தானே இருக்கிறார்? அதையும் சொல்லச் சொல்லு.

உம்மாவின் கைக்கு என் முத்தம். வாப்பாவுக்கு ஸலாம். வஸ்ஸலாம்.

ராத்தா அஸ்மியா


கிண்ணியா
09.07.2025

அன்பின் ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் மாறியதில் மகிழ்ச்சி. இங்கு அனைவரும் நலம் என்று அரச தகவல்.

கட்டளைப்படி நேற்றுக் கூடப் போனேன். விடிய ஆறு மணிக்கே ஸ்திரிக்கைப் பெட்டியை ஒளித்து வைத்தேன். வாப்பா காற்சட்டையை இரவே மடித்துப் பாய்க்குக் கீழே வைத்திருந்தார். கடற்படை மூளை! பஸ்ஸில் ஒரு பொடியன் எழும்பி, "இருங்க மாமா" என்றான். வாப்பா, "நீங்க இருங்க மகன்" என்று பாலம் தாண்டி, சீனன்குடா தாண்டி, திருகோணமலை ரவுன் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

போர்ட் அறைக்கு வெளியே வாங்கில் குந்தியிருக்கும்போது கடைசிப் பயிற்சி கொடுத்தேன்.

"எப்படி இருக்கெண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நல்லம் சேர்."

"வாப்பா!"

"சரி. கொஞ்சம் நோகுது சேர்."

"கொஞ்சத்த எடுங்க."

"நோகுது சேர்."

"ஆ. அதுதான்."

பக்கத்தில் கந்தளாயில் இருந்து வந்த ஒரு மாமா, ஒரு கால் இல்லாதவர், விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். மற்றவர்களுக்குப் பத்து நிமிசம். வாப்பாவுக்கு அரை மணித்தியாலம். அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்கள் என்றால் அறுபது வீதம் நிச்சயம். இது என் பயிற்சியின் வெற்றி. வரும் வழியில் வாப்பா ஒன்றும் கதைக்கவில்லை. களைப்பாக இருக்கும்.

இன்னொரு நல்ல செய்தி: பள்ளியில் வாப்பா இப்போது கதிரை எடுப்பதில்லை. இரண்டு கிழமையாக எல்லாரையும் போல நிலத்தில் நெற்றி வைத்துத்தான் ஸுஜூது. பார்த்தீர்களா முன்னேற்றம்?

வீடியோ அறுபத்தோராயிரம். வேறு விசேசம் இல்லை. உடம்பைக் கவனியுங்கள். வஸ்ஸலாம்.

நிப்றாஸ்


கிண்ணியா
21.07.2025

அன்பு மகள் அஸ்மியாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உம்மா நலம். தம்பி நலம். நீங்கள் நலமாக இருந்து நன்றாக ஓத துஆச் செய்கிறேன்.

நான் கடிதம் எழுதி நாளாகிவிட்டது. வீட்டில் சொல்ல ஏலாத விசயம், போனிலும் சொல்ல ஏலாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

எட்டாம் திகதி போர்ட்டில் ஒரு போனைக் காட்டினார்கள். என் சாரன். என் இலக்கம் போட்ட ரீசேட். ஓடி வந்து வலது காலால் பந்தை உதைக்கிறான். முகம் இல்லை. யாரோ அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தரம் பார்த்தேன். பின்னங்காலில் சைக்கிள் செயின் வெட்டிய தழும்பு தெரிந்தது. அந்தக் காயத்துக்கு ஏழு நாள் மருந்து கட்டியவன் நான்.

இது நீயா என்று அதிகாரி கேட்டார். நீ இல்லையென்றால் யார் என்று பெயரைச் சொல், கடற்படை உடுப்புப் போட்டு ஏமாற்றியதற்குப் பொலிஸில் கொடுப்போம் என்றார். உங்கள் தம்பிக்குப் பதினாறு வயது. வருகிற வருசம் பரீட்சை.

நான்தான் சேர் என்றேன்.

பள்ளியில் ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. "பந்தடிக்கக் கால் இருக்கு, தொழ மட்டும் கதிரையா பாயிஸ்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் பிறகு நான் கதிரை எடுக்கவில்லை.

இது உங்களிடம் அமானிதம். தம்பியிடம் சொல்ல வேண்டாம். அவன் தானாகச் சொன்னால் அது வேறு.

முடிவு இன்னும் வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நேரத்துக்குப் படுங்கள். வஸ்ஸலாம்.

வாப்பா


விடுதி
01.08.2025

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் சுகத்தை 'அரச தகவல்' இல்லாமல் உண்மையாக எழுது.

போர்ட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு சொல் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்து மறுபடியும் கேட்கிறேன். எந்தக் கால்?

வாப்பா கதிரையை விட்டது முன்னேற்றம் என்று எழுதினாயே, அவர் ஸுஜூதில் இருந்து எழும்பும்போது முகத்தைப் பார்த்தாயா? அடுத்த வக்துத் தொழுகைக்குப் பக்கத்தில் நின்று தொழுது பார். பார்த்துவிட்டு எழுது.

இங்கு பரீட்சை தொடங்குகிறது. எனக்காக துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.

அஸ்மியா


கிண்ணியா
20.08.2025

அன்பின் ராத்தாவுக்கு, ஸலாம். பரீட்சை நன்றாக எழுதியிருப்பீர்கள். உம்மாவுக்குத் தலையிடி, மற்றப்படி நலம்.

முடிவு வந்தது. பத்து வீதம். நான் பிழையாக எழுதவில்லை, ஒன்றும் சைபரும், பத்து. இருந்த இருபதில் பாதி. மூட்டு மாற்றத் தேவையில்லையாம். காரணம் என்ற இடத்தில், 'சமர்ப்பிக்கப்பட்ட காணொளியின்படி நடமாட்டம் சாதாரணம்' என்று போட்டிருக்கிறார்கள்.

உம்மா அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதா. "என்ன காணொளி? யார்ர காணொளி?" என்று வாப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தா. வாப்பா, "விடு றுக்கியா. பத்தும் ஒரு இலக்கம்தானே" என்றுவிட்டுப் போய்ப் படுத்தார். நான் பூனைக்குச் சோறு வைக்கிற மாதிரிக் குசினியில் நின்றேன்.

யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். பொறாமை பிடித்த யாரோ ஒரு துரோகி. சஜீத்தும் நானும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். அதோடு மேன்முறையீடு ஒன்று எழுதப்போகிறேன். என் தமிழுக்கு முன்னால் எந்தப் போர்ட் நிற்கும்? ஐம்பது என்ன, எண்பது எழுத வைப்பேன். நீங்கள் யோசிக்க வேண்டாம். நான் இருக்கிறேன்.

உடம்பைக் கவனியுங்கள். வஸ்ஸலாம்.

நிப்றாஸ்


விடுதி
29.08.2025

தம்பிக்கு, ஸலாம். சுகம். உம்மாவின் தலையிடி மாறிவிட்டதா?

எந்தக் கால்?

வஸ்ஸலாம்.

அஸ்மியா


விடுதி
03.10.2025

தம்பி நிப்றாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஐந்து கிழமை. உன்னிடம் இருந்து ஒரு வரி வரவில்லை. வெள்ளிக்கிழமைப் போனில் உன்னைக் கேட்டால், "கடைக்குப் போயிட்டான்" என்று உம்மா சொல்லுகிறா. எல்லா வெள்ளியும் அதே நேரத்துக்கு உனக்குக் கடை இருக்கிறது.

போன கிழமை உம்மா சொல்லித்தான் தெரியும், வாப்பா பள்ளித் தடாகத்தடியில் கை கால் கழுவி வுளூச் செய்துவிட்டு எழும்பும்போது விழுந்துவிட்டார் என்று. அவரை இரண்டு பேர் தூக்கினார்களாம். அதில் ஒருவர், "நடிக்கிறாரோ தெரியாது" என்றாராம். உம்மா அதைச் சொல்லும்போது வாப்பா பக்கத்தில் இருந்து, "நான் நல்லம் மகள்" என்றார்.

துரோகியின் பட்டியல் முடிந்ததா? அறுபத்தோராயிரம் பேருக்கு நீ காட்டியதை அறுபத்தோராயிரத்து ஓராவது ஆள் பார்த்ததில் என்ன துரோகம்?

நான் ஒரு அமானிதத்தை உடைக்கப் போகிறேன். ஓதுகிற இடத்தில் இருந்துகொண்டு உடைக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், வாப்பாவும் மன்னிக்கட்டும். அந்த வீடியோவைப் போர்ட்டில் வாப்பாவுக்குக் காட்டினார்கள். அந்தக் கால் யாருடையது என்று பார்த்தவுடன் அவருக்குத் தெரியும். பெயரைச் சொன்னால் அந்தப் பெயரைப் பொலிஸில் கொடுப்பார்கள் என்றார்கள். வாப்பா விறைப்பாக நின்று, "நான்தான் சேர்" என்றார்.

உன் வாய்ச்சவடாலுக்கு அவர் கொடுத்த பதில் அவ்வளவுதான்.

இனி உன்னிடம் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வஸ்ஸலாம்.

அஸ்மியா


கிண்ணியா
09.10.2025

ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வலது கால். அது என் கால்.

நிப்றாஸ்


கிண்ணியா
16.11.2025

அன்பின் ராத்தாவுக்கும், இந்த முறை உண்மையை முதலில் வாசிக்கப்போகும் முஅல்லிமா அவர்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. வாப்பாவின் சுகத்தைக் கீழே விரிவாக எழுதுகிறேன், இந்த முறை அரச தகவல் அல்ல.

உங்கள் கடிதம் வந்த அன்று பின்னேரம் வாப்பாவிடம் போனேன். கதிரையில் இருந்து காலைச் சுவரில் நீட்டி வைத்திருந்தார். "வாப்பா, அந்த வீடியோ..." என்று தொடங்கினேன். "தெரியும்" என்றார். "போய்ப் படி" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதனால் படிக்கப் போகாமல் நானே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போனேன். முதல் நாள் காவலில் நின்றவர் துரத்திவிட்டார். இரண்டாம் நாளும் துரத்தினார். மூன்றாம் நாள், தபால் எடுக்க வந்த தம்பிராசா என்ற கிளார்க் ஐயா நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, வேலைக்கு மனுவோ?"

"இல்ல ஐயா. காலுக்கு."

"ஆற்ற காலுக்கு?"

"வாப்பாட காலுக்கு, என்ர காலால வந்த பிழைக்கு."

அவர் வாசலிலேயே கடிதத்தை முழுக்க வாசித்தார். "உன்னப் பொலிஸில குடுக்கவும் கூடும், தெரியுமோ?" என்றார். தெரியும் என்றேன். தெரியாது. அந்த நிமிசம்தான் உண்மையாகத் தெரிந்தது. ஆனால் கடிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். சாரனையும் ரீசேட்டையும் பையில் கொண்டு போனேன். அதை உடுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி விறாந்தையில் நடக்கச் சொன்னார்கள். அதிகாரி போனைப் பிடித்துக்கொண்டு, அதில் உள்ள காலையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். தழும்பைக் குனிந்து தொட்டே பார்த்தார். பிறகு வாப்பாவிடம், "ஏன் பொய் சொன்னாய்?" என்று கேட்டார். வாப்பா நேராக நின்று, "என்ர மகன் சேர்" என்றார்.

நான் வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கிற வரைக்கும் அந்த அறையிலேயே இருக்க வேண்டியிருந்தது. அதனால் பார்த்தேன். புதிதாக வந்த ஒரு பெண் டொக்டர் வாப்பாவை நிற்கச் சொன்னா. வழமை போல வாப்பா விறைப்பாக, சப்பாத்து இரண்டும் ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "நோகுதா?" "நல்லம் சேர்." பெண் என்றும் பாராமல் சேர். டொக்டர் எழுதப் போய், பேனையை வைத்துவிட்டு, பரேட்டில் கத்துகிற மாதிரிச் சிங்களத்தில் ஒரு கட்டளை கொடுத்தா: விறைப்பை விட்டு இலகுவாக நில்!

கட்டளை என்றால் வாப்பா கேட்பார்தானே. விறைப்பை விட்டார். உடனே வலது கால் நடுங்கத் தொடங்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேசை விளிம்பைப் பிடித்தார். நான் பிடிக்க எழும்பினேன். டொக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினா. படுக்கையில் வைத்து அந்தக் காலை மடித்துத் திருப்பியபோது வாப்பா, "உம்மா!" என்று கத்தினார். ராத்தா, நான் பிறந்து பதினாறு வருசத்தில் அவர் கத்திக் கேட்டது அதுதான் முதல் தரம்.

நேற்றுத் தாள் வந்தது. அறுபது வீதம். தை மாதத்தில் புது மூட்டு. என்னைப் பொலிஸில் கொடுக்கவில்லை. பாடசாலை அதிபருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள், உதைபந்தாட்டக் குழுவில் இருந்து ஒரு வருசம் வெளியே. சரிதான்.

வீடியோவை அழித்துவிட்டேன். நான்தான் அது என்று சொல்லி, தழும்பைக் காட்டி, வேறொன்று போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் நாற்பது தரம் நான். ஆனால் பள்ளியில் காட்ட வேண்டியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போய்ப் போனை நீட்டிக் காட்டினேன். கதிரையைச் சொல்லி வாப்பாவைக் குத்திக் கேட்டவர் யார் என்று அப்போதுதான் அறிந்தேன். அவரும் பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவரே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வாப்பாவுக்குப் பின்னால் வைத்தார். வாப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதில் இருந்தார்.

இனி, முன்னைய கடிதங்களில் நான் விட்ட கதைகளை வாபஸ் வாங்க வேண்டும். மூன்று கிழமை எண்ணெய் தேய்த்தது உம்மா. நான் ஒரு நாள் போத்தல் மூடியைத் திறந்து கொடுத்தேன். போர்ட்டுக்கு முன்னால் என் தமிழ் நிற்கவில்லை, நான்தான் நின்றேன், மூக்கு ஒழுக அழுதுகொண்டு. பெண் டொக்டர்தான் துடைக்கத் தாள் தந்தா. 'எண்பது எழுத வைப்பேன்' என்று எழுதிய கடிதம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதை வாப்பாவுக்கும் சொல்லவில்லை, போர்ட்டுக்கும் சொல்லவில்லை. போனை மணலில் நட்டு வைத்துவிட்டு, அந்தப் பெனால்டியை நான் ஒன்பது தரம் அடித்தேன். ஒன்பதும் வெளியே. கடைசிப் பந்து கடலுக்குள்ளேயே போய், சஜீத் நீந்தி எடுத்து வந்தான். பந்து காலை விட்டுப் போன இடத்தில் வீடியோவை வெட்டி, மேளச் சத்தத்தை நான்தான் போட்டேன். சஜீத் மின்கம்பம் மாதிரி நின்றது, அவன் அசைய வேண்டிய தேவையே இல்லாதபடியால்.

உடம்பைக் கவனியுங்கள் ராத்தா. தையில் வந்து சேருங்கள். வஸ்ஸலாம்.

தம்பி நிப்றாஸ்